ஈடு கட்டிய காவல்

வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் புறப்படுகிறவருக்குப் பூட்டைவிடப் பெரிய கவலை ஒன்று உண்டு: களவு போனால் யார் பொறுப்பு? தென் தமிழகத்தின் பழைய காவல் முறை இதற்குத் தெளிவான பதில் வைத்திருந்தது. ஊர்க்காவலை ஏற்றவர் களவு போன பொருளை மீட்டுத் தர வேண்டும். முடியாவிட்டால் அதன் மதிப்பை ஈடு கட்ட வேண்டும். கூலி களத்துமேட்டிலேயே தீர்ந்தது. தூற்றிய நெல் வீட்டுக்குப் போகுமுன் காவல்காரர் பங்கை மரக்காலால் அளந்து கொடுத்துவிடுவார்கள். களவு போனால் நட்டம் தனக்கே என்பதால் அவர் விழித்திருந்தார். அந்த முறையின் உயிரே இந்தப் பொறுப்புதான் என்பேன்.

வெறும் மிரட்டல் வசூலுக்குக் காவல் என்று பெயரா என்று வெள்ளை அதிகாரிகள் கேட்டார்கள். அது பொய்க் குற்றச்சாட்டு அல்ல. 1906-இல் வெளிவந்த மதுரை மாவட்ட கெசட்டியரில் அதைத் தொகுத்த பிரான்சிஸ் துப்புக்கூலியைப் பற்றி எழுதியிருக்கிறார்: மாட்டைப் பறிகொடுத்தவர் பணம் கொடுத்தால், அது எங்கே கட்டிக்கிடக்கிறது என்று தகவல் வரும். திருடியவனும் துப்புச் சொன்னவனும் ஒரே கூட்டமாக இருந்ததும் உண்டு. ஆனால் முறையின் தொடக்கம் அதுவல்ல. ஊரார் கூடிப் பாடிகாவல் என்ற ஊர்க்காவல் உரிமையை அரையர் எனப்பட்ட தலைவர்களுக்கு விற்றதைப் புதுக்கோட்டைப் பகுதியின் இடைக்காலக் கல்வெட்டுகள் பதிந்து வைத்திருக்கின்றன. விலை பேசி, எழுதி, கல்லில் வெட்டிய ஏற்பாட்டை வழிப்பறி என்று ஒதுக்கிவிட முடியாது. சீரழிவு பிறகு முற்றியது. பாளையக்காரர்களை ஒடுக்கிய கையோடு, அவர்கள் வாங்கிவந்த தேசக்காவல் வரியைக் கிழக்கிந்தியக் கம்பெனி தன் வருவாயில் சேர்த்துக்கொண்டது. ஈடு கட்டும் கடமையைச் சேர்த்துக்கொள்ளவில்லை. 1816-ஆம் ஆண்டின் ஒழுங்குவிதி ஊர்த் தலைவரையும் தலையாரியையும் அரசுப் போலீஸ் வேலைக்குள் கொண்டுவந்தது. 1859-இல் சென்னை மாகாணத்துக்கெனத் தனிப் போலீஸ் சட்டமும் வந்தது. வருமானமும் மதிப்பும் பறிபோன பிறகும் சில ஊர்களில் காவல் தொடர்ந்தது. கேட்பாரற்ற அதிகாரம் கெட்டுப்போனதில் வியப்பில்லை.

அதற்குத் தண்டனையாக வந்தது கொடுமையிலும் கொடுமை. தவறு செய்தவரை விசாரிக்காமல், பிறந்த சாதியையே குற்றமாக்கியது 1911-இன் குற்றப் பரம்பரைச் சட்டம். தலைமுறை தலைமுறையாக ஊரைக் காத்தவர்களின் பிள்ளைகள் கைரேகை வைக்க வேண்டும், இரவில் காவலரின் கண்காணிப்பில் படுக்க வேண்டும் என்றானது. மறுத்த மதுரைப் பகுதிப் பெருங்காமநல்லூர் மக்கள்மீது 1920 ஏப்ரல் 3 அன்று துப்பாக்கிச் சூடு நடந்தது; பலர் இறந்தார்கள். காவல் முறையின் குறைகளைப் பேசுகிறவர்கள் இந்தச் சாவுகளையும் சேர்த்தே பேச வேண்டும்.

இன்று வெளியூர் போகிறவர் காவல் நிலையத்தில் சொல்லிவிட்டுப் போகலாம். ரோந்து வருகிறவர்கள் பூட்டிய வீட்டை ஒரு பார்வை பார்ப்பார்கள். சாதி பார்க்காமல் எல்லார் புகாரையும் ஏற்கக் கடமைப்பட்ட காவல் இது. பழையதைவிட அந்த வகையில் மேலானது. ஆனால் நகை போனால் நிலையம் ஈடு தராது, வழக்குத்தான் பதியும். ஈடு தரும் வேலை காப்பீட்டு நிறுவனத்துக்குப் போய்விட்டது. அது வீட்டைக் காப்பதில்லை. வீடு 30 நாளுக்கு மேல் ஆளில்லாமல் கிடக்கப்போகிறது என்றால் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்று பல பாலிசிகளில் நிபந்தனை மட்டும் போடுகிறது.