மீன்பிடிப் படகுகளின் செயற்கைக்கோள் இடர் அறிவிப்பு

மீன்பிடிப் படகுகளின் செயற்கைக்கோள் இடர் அறிவிப்பு என்பது, கைபேசி அலைகள் எட்டாத கடற்பகுதியில் ஆபத்துக்குள்ளான படகின் அடையாளத்தையும் இருப்பிடத்தையும் செயற்கைக்கோள் வழியாகக் கரைக்குத் தெரிவிக்கும் முறையாகும். இந்தியாவில் இதற்கென இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் (இசுரோ) உருவாக்கிய கருவி 'டாட்' எனப்படுகிறது. இதன் முதல் தலைமுறைக் கருவி 2010 இல் பயன்பாட்டுக்கு வந்தது.

தேவை

கைபேசிக் கோபுரங்களின் அலைகள் கரையை ஒட்டிய கடற்பகுதிக்கு மட்டுமே எட்டுகின்றன. படகுகளில் உள்ள விஎச்எஃப் வானொலியின் அலைகள் ஏறத்தாழ நேர்கோட்டில் செல்வன. ஆதலால் புவியின் வளைவு அவற்றின் எல்லையைக் குறைத்துவிடுகிறது. சிறுசேரிக்கு அருகிலுள்ள கோவளம் போன்ற ஊர்களின் கண்ணாடியிழைப் படகுகள் பெரும்பாலும் அன்றன்றே கரை திரும்புகின்றன. காசிமேடு துறைமுகத்தின் விசைப்படகுகளோ பல நாட்கள் கடலில் தங்குவதுண்டு. இவற்றுக்குச் செயற்கைக்கோள் தொடர்பு இன்றியமையாதது.

செயற்படும் முறை

1. படகோட்டி கருவியின் இடர் பொத்தானை அழுத்துகிறார்.
2. கருவி தன் அடையாள எண்ணையும், இடங்காட்டி மூலம் அறிந்த இருப்பிடத்தையும் செயற்கைக்கோளுக்கு அனுப்புகிறது.
3. பெங்களூருவில் உள்ள இந்தியப் பணிக் கட்டுப்பாட்டு மையம் அச்செய்தியைப் பெற்று, படகு எது, எங்குள்ளது என அறிகிறது.
4. இத்தகவல் இந்தியக் கடலோரக் காவல்படையின் மீட்பு ஒருங்கிணைப்பு மையங்களுக்கு அனுப்பப்படுகிறது. இவற்றுள் ஒன்று சென்னையில் இயங்குகிறது.

ஒருவழித் தொடர்பின் குறை

முதல் தலைமுறைக் கருவியால் செய்தி அனுப்ப மட்டுமே இயலும். அனுப்பிய செய்தி கரையை அடைந்ததா என்பது படகில் இருப்பவருக்குத் தெரியாது. கரையிலிருந்து அவருக்கு எச்சரிக்கை விடுக்கவும் வழியில்லை.

இத்தகைய எச்சரிக்கையின் தேவையை 2017 நவம்பர் இறுதியில் வீசிய ஒக்கி புயல் உணர்த்தியது. கன்னியாகுமரிக்கு அருகே அது விரைவாக வலுப்பெற்றபோது, தமிழ்நாடு, கேரளா மீனவர் பலர் முன்னரே ஆழ்கடலுக்குச் சென்றிருந்தனர். அவர்களுக்குப் புயல் செய்தியைச் சேர்ப்பிக்க இயலவில்லை. நூற்றுக்கணக்கானோர் இறந்தனர் அல்லது காணாமற் போயினர்.

இருவழித் தொடர்பு

2019 அக்டோபரில் 'செமினி' என்னும் கருவி அறிமுகமானது. இது ககன் அமைப்பின் செயற்கைக்கோள்கள் வழியாக வரும் வானிலை எச்சரிக்கைகளையும் மீன்வளப் பகுதித் தகவல்களையும் பெற்று மீனவரின் கைபேசிக்கு அனுப்புகிறது. எனினும் இதன் வழியாகப் படகிலிருந்து செய்தி அனுப்ப இயலாது.

2024 இல் அறிவிக்கப்பட்ட இரண்டாம் தலைமுறை டாட் இரு பணிகளையும் ஒருங்கே செய்கிறது. இடர்ச் செய்தி கிடைத்தது என்ற ஒப்புகை மீனவருக்குத் திரும்ப வருகிறது. புயல், ஆழிப்பேரலை எச்சரிக்கைகளையும் அவர் தம் தாய்மொழியில் கைபேசியில் படிக்கலாம். அதே ஆண்டு ஆகத்து 30 அன்று, ஒரு இலட்சம் படகுகளில் இருவழித் தொடர்புக் கருவிகளைப் பொருத்தும் தேசியத் திட்டம் தொடங்கப்பட்டது.

தென்சென்னையின் பங்கு

எச்சரிக்கை விடுக்கக் கடலின் நிலையை அறிந்திருத்தல் வேண்டும். 1993 இல் நிறுவப்பட்ட தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகம், வேளச்சேரி-தாம்பரம் சாலையில் பள்ளிக்கரணையில் அமைந்துள்ளது. இக்கழகம் வங்காள விரிகுடாவிலும் அரபிக்கடலிலும் நங்கூரமிட்டு நிறுத்தியுள்ள மிதவைகள், காற்று, அலை, வெப்பநிலை போன்ற அளவீடுகளைச் செயற்கைக்கோள் வழியாகக் கரைக்கு அனுப்புகின்றன. புயல் கணிப்பில் இவ்வளவீடுகள் பயன்படுகின்றன.

வரையறைகள்

கருவியின் அடையாள எண் படகின் பதிவு விவரங்களுடன் இணைக்கப்பட்டிருக்கும். படகு கைமாறும்போது இவ்விவரங்கள் புதுப்பிக்கப்படாவிடில், மீட்புப் படையினர் தவறான நபரைத் தொடர்பு கொள்ள நேரிடும். தவறுதலாகப் பொத்தானை அழுத்துவதும் தேடுதல் பணியை வீணாக்கும். மின்கலம் தீர்ந்த கருவியோ, அணைத்து வைக்கப்பட்ட கருவியோ பயன் தராது. ஆகவே புறப்படும் முன் கருவியைச் சோதித்தல் இன்றியமையாதது.