வேரோடு பறிக்கும் யந்திரம்

இஸ்ரேல் தேசத்தின் வடகோடியில், மேல் கலிலேயாவில், ஹாகோஷ்ரிம் என்ற கூட்டுப்பண்ணைக் கிராமம் ஒன்று இருக்கிறது. 1948-ஆம் ஆண்டில் தோன்றிய அந்தக் கிராமத்தார் உழவை மட்டும் நம்பியிராமல் தங்களுக்குப் பொதுவாக ஒரு தொழிற்சாலையும் வைத்திருந்தார்கள். அந்தத் தொழிற்சாலையிலிருந்துதான், 1986-ஆம் ஆண்டில், மேல்நாட்டு ஸ்திரீகளின் குளியலறைகளில் ஒரு புதிய இரைச்சலைக் கிளப்பிய 'எபிலேடி' என்ற சிறு யந்திரம் வெளிவந்தது. கைக்கு அடக்கமான உறை; உள்ளே ஒரு மின்மோட்டார்; தலைப்பிலே வில்லைப் போல் வளைத்துப் பூட்டிய ஒரு சுருள்கம்பி. மோட்டார் சுழலும்போது, வளைவின் வெளிப்பக்கத்தில் சுருளின் வளையங்கள் ஒன்றைவிட்டு ஒன்று விலகி வாய் திறக்கும். உட்பக்கத்தில் அவையே நெருங்கி இறுகும். விலகிய வாயில் நுழைந்த ரோமம், சுருள் திரும்பி இறுகும் கணத்தில் அகப்பட்டுக்கொண்டு, வேரோடு வெளியே வந்துவிடும். கத்தி இல்லை, மெழுகு இல்லை, மருந்து இல்லை.

பின்னாளில் லண்டன் நியாயஸ்தலத்தில் எடுத்துச் சொல்லப்பட்ட கணக்கின்படி, முதல் இரண்டு ஆண்டுகளிலேயே இந்த யந்திரம் 58 லட்சத்துக்கு மேல் விலைபோய், சில்லறை விற்பனையில் 34 கோடி டாலருக்கு மேல் திரட்டியது. இவ்வளவு பிரக்யாதி பெற்ற சாதனத்தைக் குறைசொல்லப் புகுவது அழகல்லவென்று சிலர் நினைக்கக்கூடும். ஆயினும் உடம்பின் ரோமத்தைக் களைவதற்கு மனிதர் இதுவரையில் பட்ட பாட்டின் சரித்திரத்தைச் சற்றே புரட்டிப் பார்ப்பவருக்கு, இந்த யந்திரம் தீர்த்து வைத்த சங்கடம் சிறிதென்றும், தொலைந்து போயிற்றென்று எண்ணியிருந்த பழைய சங்கடத்தை அது திரும்ப அழைத்து வந்ததே பெரிதென்றும் தோன்றாமல் இராது.

ஆதியிலிருந்து மனிதர் கண்ட வழிகளெல்லாம், தோலின் மேல்மட்டத்தோடு அறுப்பது அல்லது கரைப்பது, தோலுக்குள்ளிருந்து பறிப்பது என்ற இரண்டு பிரிவிலே அடங்கிவிடும். எகிப்து தேசத்துக் கோயில் குருமார் ஒருநாள் விட்டு ஒருநாள் சரீரம் முழுவதையும் மழித்துக்கொண்டார்கள் என்று ஹெரோடோட்டஸ் எழுதியிருப்பது முதல் வழிக்குச் சாட்சி. இரண்டாவது வழிக்கு ரோமாபுரியைப் பார்க்க வேண்டும். அங்கே பொது ஸ்நான மண்டபங்களில் ரோமம் பறிப்பதையே ஜீவனமாகக் கொண்ட ஆட்கள் இருந்தார்கள். நம் பாட்டிமார் காலில் தைத்த முள்ளை எடுக்க வைத்திருந்த முள்வாங்கியைப் போன்ற வெண்கலச் சாமணமே அவர்களுடைய ஆயுதம். முதலாம் நூற்றாண்டில் வாழ்ந்த செனெகா என்ற தத்துவ ஞானி, அத்தகைய ஸ்நான மண்டபம் ஒன்றுக்கு மேல்மாடியில் குடியிருக்க நேர்ந்து, அங்கே கேட்ட சப்தங்களையெல்லாம் தம் நண்பருக்கு ஒரு கடிதத்தில் வரிசைப்படுத்தியிருக்கிறார். ரோமம் பறிப்பவன் வாடிக்கைக்காரரை வரவழைக்கக் கீச்சுக்குரலில் ஓயாமல் கூவுவானென்றும், அவன் வாயை மூடுவது ஒருவனுடைய அக்குளில் கைவைக்கும்போது மட்டுந்தானென்றும், அப்போது அவனுக்குப் பதிலாக அந்த வாடிக்கைக்காரன் கூவுவானென்றும் அவர் சொல்லும் இடத்தைப் படித்து, இருபதாம் நூற்றாண்டின் மின்சார யந்திரத்தையும் நினைத்துப் பார்த்தால், பத்தொன்பது நூற்றாண்டுகளில் மாறியது கூவும் சப்தம் மட்டுந்தானோ என்று ஐயுற வேண்டியிருக்கிறது.

மேற்காசியத்தார் இந்த விஷயத்தில் ரோமரைவிட யுக்திசாலிகள். அரிதாரத்தையும் சுட்ட சுண்ணாம்பையும் குழைத்துப் பூசி ரோமத்தைக் கரைத்துக் கழுவும் வழக்கம் அவர்களுடைய ஸ்நானக் கட்டடங்களில் வெகுகாலம் இருந்தது. அரிதாரத்தில் பாஷாணம் கலந்திருப்பதால், சிறிது நேரம் தப்பினால் தோலும் வெந்துபோகும். சர்க்கரையையும் எலுமிச்சஞ்சாற்றையும் பாகாகக் காய்ச்சி ஒட்டி உரிப்பது வேறொரு முறை. முறுக்கிய நூலால் முகத்து ரோமத்தை வாரியெடுப்பது இன்னொரு முறை. பாரசீகத்தில் கன்னிப்பெண்ணின் முகத்தில் நூல் படுவதில்லையென்றும், கலியாணத்தை ஒட்டியே அது முதன்முதலாக நடக்குமென்றும் ஒரு சம்பிரதாயம் இருந்தது. அந்த நூல்தான் இன்று நம் ஊர் அழகு நிலையங்களில் 'திரெட்டிங்' என்ற பெயரோடு உலவுகிறது. நூலின் ஒரு முனையைப் பல்லிலே கடித்துக்கொண்டு, மறுமுனையை இரு கைகளிலும் கத்திரிபோல் விரித்து மூடும் பெண்மணி, "இழுத்துப் பிடிச்சுக்குங்க" என்று சொன்னவுடன், எதிரில் சாய்ந்திருப்பவர் தம் நெற்றித் தோலைத் தாமே இரு விரல்களால் இறுக்கிக்கொள்கிறாரே, அந்த நியமத்தில் ஒரு சாஸ்திரம் அடங்கியிருக்கிறது: தளர்ந்த தோலில் பறித்தால் வலியும் அதிகம், ரோமம் நடுவிலே முறிவதும் அதிகம்.

நம் நாட்டிலே வேரோடு பறித்தலுக்கு முற்றிலும் வேறான ஒரு பூர்வகதை உண்டு. துறவு பூண்ட நாளில் மகாவீரர் தம் தலைமயிரை ஐந்து கைப்பிடியாகத் தாமே பறித்தெறிந்தார் என்பது ஜைனருடைய ஐதிகம். அதைப் பின்பற்றி இன்றைக்கும் ஜைன முனிவர்களும் ஆரியாங்கனைகளும், வழுக்காமல் பிடிகிடைப்பதற்காகச் சாம்பலைத் தொட்டுக்கொண்டு, தலைமயிரைக் கையாலேயே களைகிறார்கள். மதுரையைச் சுற்றிய குன்றுகளில் கற்படுக்கை அமைத்துக்கொண்டு வாழ்ந்த சமணர் தமிழருக்கு அந்நியரல்லர். அவர்கள் மயிர் பறிப்பதைத் தேவாரம் பாடிய பெரியோர் பரிகசித்திருக்கிறார்கள் என்பதும், அவர்களுள் அப்பர் சுவாமிகள் தாமே ஒருகாலத்தில் தருமசேனர் என்ற பெயரோடு சமணப் பள்ளியில் இருந்தவர் என்பதும் நாம் அறிந்தவையே. பரிகாசம் ஒருபுறம் இருக்க, அந்த முனிவர்கள் வலியை மறைக்கவில்லை. சரீரத்தின் மீதுள்ள அபிமானத்தை அறுப்பதற்கு வலியையே கருவியாகக் கொண்டார்கள். அழகுக்காகப் பறிப்பவர்களோ வலி இல்லையென்று விளம்பரம் செய்யவேண்டிய நிர்ப்பந்தத்தில் இருக்கிறார்கள். இந்த இரண்டு கட்சியில் நேர்மை எந்தப் பக்கம் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

குடும்ப ஸ்திரீகளுக்கு நம்மவர் விதித்தது மஞ்சளும் பயத்தமாவும். நாள்தோறும் அரைத்துப் பூசித் தேய்த்துக் குளித்தால் ரோமம் மெலிந்துவிடும் என்ற நம்பிக்கை எவ்வளவு தூரம் மெய்யோ, அதனால் கொப்புளம் கண்டவர் அரிது என்பது மெய். ரோமம் களைவதற்கு ஐந்து நாள், பத்து நாள் என்று தவணை வகுத்த வாத்ஸ்யாயனருடைய விதியோ நகரத்து உல்லாச புருஷனுக்கு ஏற்பட்டது, பெண்ணுக்கு அல்ல.

வலியில்லாத வழி ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டுமென்ற தாகம் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் முற்றியது. 1875-இல் ஸெயின்ட் லூயிஸ் நகரத்துக் கண் வைத்தியர் சார்லஸ் மிஷேல், விழிக்குள் திரும்பி வளரும் இமைமயிரை ஊசிவழியாக மின்சாரம் பாய்ச்சி அழிக்கும் முறையைப் பிரசுரித்தார். ஒவ்வொரு மயிர்க்காலாகக் குத்தியாக வேண்டியிருந்ததால் அது இமைக்குப் பொருந்திய அளவு காலுக்குப் பொருந்தவில்லை. 1895-இல் ராண்ட்கன் கிரணம் வெளிப்பட்டது. மறு ஆண்டே வியன்னாவில் லியோபோல்ட் பிராயண்ட் என்ற வைத்தியர், முதுகிலே ரோமம் அடர்ந்த மறு ஒன்றோடு வந்த ஒரு சிறுமியின்மேல் அந்தக் கிரணத்தைப் பல நாள் தொடர்ந்து பாய்ச்சினார். ரோமம் உதிர்ந்தது, வைத்திய உலகம் வியந்தது, பின்பு அவளுடைய முதுகில் ஆறாத புண்ணும் தோன்றியது. அந்தப் புண்ணே போதுமான எச்சரிக்கையாக இருந்திருக்க வேண்டும். இருக்கவில்லை. 1920-களில் நியூயார்க்கில் ஆல்பர்ட் கைஸர் என்ற வைத்தியர் 'டிரைகோ' என்ற பெயரில் கிரண யந்திரத்தை ஒரு மரப்பெட்டிக்குள் அமைத்து, அழகு நிலையங்களுக்கு வாடகைக்கு விட்டார். வைத்தியப் பயிற்சி இல்லாதவர்கள் அதை இயக்கினார்கள். பெட்டியின் முன்னே சில நிமிஷம் உட்கார்ந்திருந்தால் போதும். வலி என்பது துளியும் இல்லை. வருஷங்கள் சென்றபின் அந்த முகங்களிலே தோல் சுருங்கி, திட்டுத்திட்டாக வெளுத்து, பலருக்குப் புற்றுநோயாக முடிந்தது. 1929-இல் அமெரிக்க வைத்திய சங்கம் அதைப் பகிரங்கமாகக் கண்டித்தது.

அது அடங்குமுன் 'கோரெம்லு' வந்தது. தாலியம் என்ற விஷ உலோகத்தின் உப்பைக் கலந்த களிம்பு அது. எலி கொல்லும் மருந்துகளில் சேரும் அதே தாலியம். பூசிய இடத்து ரோமம் உதிர்ந்ததோடு நிற்காமல் தலைமயிரும் கொட்டியது, கால்கள் மரத்துப்போயின, பார்வை மங்கியது. நஷ்டஈட்டு வழக்குகள் குவிந்து, 1932-இல் கம்பெனி திவாலாயிற்று. அழகு சாதனங்களைத் தடுக்க அக்காலத்து அமெரிக்கச் சர்க்காருக்கு அதிகாரமே இல்லாதிருந்த அநியாயத்தை ஜனங்களுக்கு எடுத்துக்காட்டிய உதாரணங்களில் கோரெம்லுவும் ஒன்று. 1938-ஆம் வருஷத்துச் சட்டம்தான் அந்த அதிகாரத்தைத் தந்தது.

இந்த நிழலிலே வைத்துப் பார்த்தால் எபிலேடியின் வசீகரம் விளங்கும். விஷம் இல்லை, கிரணம் இல்லை, பிறர் கைபட வேண்டியதில்லை. ஒருதரம் பறித்தால் சில வாரங்களுக்குக் கவலையில்லை. அந்த வரையில் அதற்கு உரிய மரியாதையைக் கொடுத்துவிடலாம். இத்தனை லாபத்தைக் கண்டு போட்டிக்காரர் சும்மா இருப்பார்களா? ரெமிங்டன் கம்பெனியார், சுருள்கம்பி இருந்த இடத்தில், பக்கவாட்டில் கீறல்கள் இட்ட ஒரு ரப்பர்த் தண்டைப் பொருத்தி, அதே வேலையைச் செய்யும் யந்திரமொன்றை விற்றார்கள். உரிமைப் பத்திரம் வைத்திருந்த இம்ப்ரூவர் கம்பெனி ஐரோப்பிய நியாயஸ்தலங்களில் வழக்குத் தொடுத்தது. லண்டனில் நீதிபதி ஹாஃப்மன் மூன்று கேள்விகளை எழுப்பிக்கொண்டார்: மாற்றம் செய்த பாகம், கண்டுபிடிப்பு வேலைசெய்யும் விதத்தைப் பாதிக்கிறதா? பாதிக்கவில்லையென்றால், அது துறையறிந்தவனுக்குத் தெள்ளெனத் தெரிந்திருக்குமா? தெரிந்திருந்தாலும், பத்திரத்தின் வாசகம் எழுத்துப் பிசகாமல் இருக்கவேண்டுமென்று கருதி எழுதப்பட்டதா? ரப்பர்த் தண்டைச் சுருள்கம்பி என்று சொல்ல முடியாதென முடிவுசெய்து, வழக்கைத் தள்ளினார். ஜெர்மனி தேசத்து நியாயஸ்தலமோ, அதே உரிமைப் பத்திரத்தையும் அதே யந்திரத்தையும் வைத்துக்கொண்டு, உரிமை மீறப்பட்டதென்றே தீர்ப்பளித்தது. அந்த மூன்று கேள்விகள் பிரிட்டிஷ் சட்ட மாணவர் நெட்டுருப் போடும் பாடமாகி, 2017-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் திருத்தியமைக்கும்வரை ஆட்சி செலுத்தின. கம்பியா ரப்பரா என்று இத்தனை மேதைகள் மண்டையை உடைத்துக்கொண்ட அந்த விவகாரத்தில், அது மேய்ந்து போகும் தோலின் கதியை விசாரிக்க ஒருவருக்கும் அவசியம் ஏற்படவில்லை. அது நீதிபதிகளின் வேலையல்ல என்பது வாஸ்தவமே.

அந்த விசாரணையை நாமாவது நடத்தலாம். சாமணத்தால் பறிப்பவன் ஒவ்வொரு ரோமத்தையும் பார்த்து, அது வளர்ந்திருக்கும் திக்கிலேயே இழுப்பான்; யந்திரத்துக்குக் கண் இல்லை. எதிர்ப்பட்டதை எதிர்ப்பட்ட கோணத்தில் பிடித்திழுப்பதால், சில வேரோடு வரும், சில தோலுக்குச் சற்றுக் கீழே முறிந்துபோகும். முறிந்த நுனி மீண்டும் வளரும்போது வெளிவாசலைக் காணாமல் தோலுக்கு அடியிலேயே கிடையாக ஓடுவதும் சுருண்டுகொள்வதும் உண்டு. சுருள்முடிக்காரருக்கு இது மிகுதி. உற்றுப் பார்த்தால், மெல்லிய தோலுக்குக் கீழே கருநிறக் கோடொன்றும், அதன் தலைமாட்டில் சிவந்த பருவும் தெரியும். அதைக் கிள்ளினால் சீழ் கோக்கும். கிள்ளாவிட்டாலும், வேர் பிடுங்கிய குழிகளில் கிருமி புகுந்து மயிர்க்கால்கள் அழற்சியடைவது உண்டு. வெள்ளைத் தோலில் இந்தச் சிவப்பு சில நாளில் மறையும். நம்மவரைப் போன்ற மாநிறத்தாருக்கும் கருநிறத்தாருக்கும், ஆறிய ஒவ்வொரு பருவும் ஒரு கரும்புள்ளியை விட்டுச் செல்ல, அது மறைய மாதக்கணக்காகும். ரோமத்தை மறைக்கப் போய்ப் புள்ளியை மறைக்கப் புடவையைத் தழைத்துக் கட்டுவதென்றால், அந்த வியாபாரத்தில் லாபம் எங்கே?

இன்னும் ஒரு தொல்லை. சில மில்லிமீட்டர் நீளமாவது வளர்ந்த ரோமத்தைத்தான் யந்திரம் பிடிக்கும். எல்லா ரோமமும் ஒரே காலத்தில் வளர்வதுமில்லை, சில முளைக்கும்போது சில உறங்கிக்கொண்டிருக்கும். ஆகவே வாரக்கணக்கில் கவலையில்லை என்ற வாக்கு, முழுமையாகப் பலிப்பதில்லை. சுருள்கம்பிக்குப் பதிலாக உலோகத் தகடுகளும், இருபதும் நாற்பதுமாகச் சாமண வரிசைகளும், நீருக்குள் இயங்கும் வசதியும், தோலைத் தடவிக்கொடுக்கும் உருளைகளும் பிற்பாடு வந்தன. வலியை அவை சிறிது குறைத்திருக்கலாம். பறிக்கும் யந்திரம் பறித்தேயாக வேண்டும். நீரிழிவு உள்ளவர்களும், இரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்பவர்களும், காலில் நரம்பு சுருண்டு புடைத்தவர்களும் வைத்தியரைக் கேளாமல் இதைத் தொடலாகாது. மறுவின்மேலும் மருவின்மேலும் ஒருவருமே செலுத்தலாகாது. ஒருவர் யந்திரத்தை மற்றொருவர் வாங்கிப் பிரயோகிப்பதும் கூடாது.

சவரக் கத்தி எளியதென்று தெரிந்தும் பெண்கள் அதை விட்டு இந்த வேதனைக்கு உட்படுவதற்குப் பெரும்பாலும் ஒரே ஒரு காரணந்தான் சொல்வார்கள்: மழித்தால் ரோமம் தடித்து அடர்ந்து வளருமாம். அமெரிக்கப் பெண்களுக்கென்று கில்லெட் கம்பெனியார் தனிக் கத்தி விற்கத் தொடங்கிய 1915-ஆம் ஆண்டுக்கு முன்னமே இந்தப் பயம் இருந்தது. 1928-இல் அதே ஸெயின்ட் லூயிஸ் நகரத்து உடற்கூற்று ஆராய்ச்சியாளர் மில்ட்ரெட் டிராட்டர், மழித்த ரோமத்தை அளந்து பார்த்து, சவரத்தால் அதன் பருமனோ நிறமோ வளரும் வேகமோ மாறுவதில்லையென்று எழுதிவைத்தார். கூரிய நுனி போய் மழுங்கிய வெட்டுவாய் வெளிவருவதால் தடித்தது போல் தோன்றுகிறது, அவ்வளவே. ஆகையால் அந்தப் பயம் ஒன்றுக்காக மட்டும் யந்திரத்தின் வலியைச் சகித்துக்கொண்டிருக்கும் சகோதரிகள், அதை இன்றே பெட்டியில் கட்டிவைத்துவிடலாம்.