லாரி டேப்பும் மூணரை மில்லிமீட்டர் ஓட்டையும்

ஓசூர் என்று எழுத ஆரம்பித்தாலே டைட்டன் கடிகாரம், டிவிஎஸ் வண்டி, ரோஜாப்பூ, இந்த மூன்றில் ஒன்றுக்குள் போய் விழுந்துவிடுவது நம் ஆட்கள் வழக்கம். இந்தப் பதிவில் அது மூன்றும் கிடையாது. லாரிக்குள் இருக்கும் பாட்டுப்பெட்டி பற்றி எழுதப் போகிறேன். இன்னும் குறிப்பாக, சட்டைப்பையில் இருக்கிற சின்னப் பாட்டுப்பெட்டியை லாரியில் இருக்கிற பெரிய பாட்டுப்பெட்டியோடு கோத்துவிட மனுஷங்க பட்ட பாடு. ராஜராஜன் கல்வெட்டு மட்டும்தான் வரலாறா என்ன?

சிப்காட் தொடங்கியது 1971ல். ஓசூரில் அசோக் லேலண்ட் ஆலை வந்தது 1980ல். அந்தக் காலத்தில் ஆலை கேட்டைத் தாண்டி வந்ததில் பாதியை லாரி என்றே சொல்ல முடியாது. இன்ஜின், சேசிஸ், ஸ்டியரிங், உட்கார ஒரு தற்காலிக சீட்டு, அவ்வளவுதான். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு, எதிர்க்காற்றுக்குக் கண்ணைச் சுருக்கியபடி ஓட்டிக்கொண்டு போவார்கள். நாமக்கல், திருச்செங்கோடு பக்கம் போய்த்தான் பாடி கட்ட வேண்டும். கேபினே இல்லாத வண்டிக்குக் கம்பெனிக்காரன் எங்கிருந்து ஸ்டீரியோ கொடுப்பான்? ஓனரோ டிரைவரோ தனியாக வாங்கி மாட்டிக்கொள்வதுதான். அதற்குப் பெயர் 'டேப்பு'. பின்னாளில் கேசட் போய் சிடி வந்து யூ.எஸ்.பி. வந்த பிறகும் லாரிக்காரர்களுக்கு அது டேப்புதான்.

மாட்டிக் கொடுப்பது ரோட்டோர ஆட்டோ எலெக்ட்ரிக்கல் கடை. சென்னை ரோடு, பெங்களூர் ரோடு, சேலம் ரோடு மூன்றும் வந்து சேருகிற கிருஷ்ணகிரியில் இந்த மாதிரிக் கடைக்குப் பஞ்சம் வருமா? என் சின்ன மாமா (அம்மாவின் தம்பி) அங்கே கடை வைத்திருந்தார். 2006லிருந்து 2012 வரை என் பள்ளிக்கூட லீவெல்லாம் அங்கேதான் கழிந்தது. வேலை ஒன்றும் பெரிதாக இல்லை. ஸ்க்ரூ பொறுக்குவது, டீ வாங்கி வருவது, மாமா ஈயம் பத்தவைக்கும்போது ஒயரைப் பிடித்துக்கொள்வது.

அங்கே முதல் பஞ்சாயத்து எப்போதுமே வோல்ட்தான். கார் டேப் எல்லாம் 12 வோல்ட்டுக்குச் செய்தது. பெரிய லாரிகளில் பலவும் 24 வோல்ட். 12 வோல்ட் பேட்டரி இரண்டை ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுத்திருப்பார்கள். டேப்பை நேராகக் கொடுத்தால் புகைதான். 24ஐ 12 ஆக்குகிற கன்வர்ட்டர் உண்டு, ஆனால் அதற்குத் தனியாகக் காசு. "அதெல்லாம் எதுக்குண்ணே, நடுவுல இருந்து ஒரு ஒயர் எடுத்து வுடுங்க" என்பார்கள். இரண்டு பேட்டரியும் சேருகிற இடத்திலிருந்து ஒயர் எடுத்தால், எர்த்துப் பக்கம் இருக்கும் பேட்டரியிலிருந்து மட்டும் ஓசியில் 12 வோல்ட் வரும். பாட்டு அருமையாகப் பாடும். வில்லங்கம் மெதுவாக வரும். டைனமோ இரண்டு பேட்டரிக்கும் ஒரே கரண்டைத்தான் அனுப்புகிறது. அதில் ஒன்று மட்டும் பாட்டுக்கும் சேர்த்துச் செலவழிக்கிறது, அதனால் அதற்கு எப்பவும் அரை வயிறுதான். அடுத்ததுக்கோ தேவைக்கு மேல் சார்ஜ் ஏறித் தண்ணி வத்திப்போகும். கடைசியில் ரெண்டும் காலி.

இது தெரியவரும் இடம் பெரும்பாலும் ஜூஜூவாடி செக்போஸ்ட். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்து வணிகவரிச் சோதனைச்சாவடியை எடுக்கும் வரைக்கும் கர்நாடக எல்லையில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். இன்ஜின் ஆஃப், பாட்டு ஆன். வரிசை நகரும்போது சாவியைத் திருகினால் 'டிக்' என்று ஒரு சத்தம். செல்ஃப் எடுக்கல. பின்னால் ஹாரன் மேல் ஹாரன். அப்புறம் நாலு லாரி கிளீனர்கள் சேர்ந்து லோடு வண்டியைத் தள்ளுவார்கள்.

இதே வியாதி படகுக்கும் உண்டு என்பது எனக்கு ரொம்ப லேட்டாகத்தான் தெரிந்தது. ஏரி நடுவில் இன்ஜினை நிறுத்திவிட்டுப் பாட்டு கேட்டுக்கொண்டே தூண்டில் போடுகிற வெள்ளைக்காரனுக்கும் ஸ்டீரியோ பேட்டரியைத்தான் குடிக்கிறது. ஆனால் படகைத் தள்ளி ஸ்டார்ட் பண்ண முடியாதே! அதனால் இன்ஜினுக்கு ஒரு பேட்டரி, பாட்டுக்கும் விளக்குக்கும் இன்னொரு பேட்டரி, நடுவில் 'ஒன்று, இரண்டு, இரண்டும்' என்று திருகுகிற சுவிட்ச் என அவர்கள் ஏற்பாடு செய்துகொண்டார்கள். நம்மூரில் தள்ளிவிட நாலு பேர் கிடைத்துக்கொண்டே இருந்ததால் யாரும் அந்த அளவுக்கு யோசிக்கவில்லை என்பது அடியேனின் தியரி :-)

சரி, கொஞ்சம் பின்னாடி போவோம். சிகாகோவில் கால்வின் சகோதரர்கள் 1930ல் காருக்கான ரேடியோவை விற்க ஆரம்பித்தார்கள். அதற்கு வைத்த பெயர்தான் மோட்டோரோலா. வண்டிக்குள் பாட்டு வந்துவிட்டது, ஆனால் எந்தப் பாட்டு என்று முடிவு செய்கிறவன் ஸ்டேஷனில் இருக்கிறான். 1963ல் பிலிப்ஸ் கம்பெனி பெர்லினில் காம்பாக்ட் கேசட்டைக் காட்டியது. அந்தச் சின்ன டப்பா வண்டிக்குள் வந்த பிறகு முடிவு டிரைவர் கைக்கு மாறியது. 1980களில் கேசட் விலை இறங்கியதும் நம்ம ஊர்களில் ரெக்கார்டிங் சென்டர்கள் முளைத்தன. சீட்டில் பாட்டு எழுதிக் கொடுத்துவிட்டு, அறுபதா தொண்ணூறா என்று சொல்லிவிட்டு வந்தால் ரெண்டு நாளில் கேசட் ரெடி. டிரைவர் ரசனை எதுவோ அதுதான் கேபினின் சட்டம். பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற கிளீனரை யாரும் கேட்பதில்லை.

1979 ஜூலை 1ஆம் தேதி சோனி வாக்மேன் விற்பனைக்கு வந்தது. முதல் மாடலில் இயர்போன் ஓட்டை ஒன்றல்ல, இரண்டு. தனியாக ஒருத்தர் மட்டும் கேட்பது மரியாதைக்குறைவு என்று சோனியின் அகியோ மொரிட்டா நினைத்தாராம். (இன்றைக்கு பெங்களூர் பஸ்ஸில் ஏறிப் பார்த்தால் மனிதர் நொந்துவிடுவார்.) அந்த மூணரை மில்லிமீட்டர் ஓட்டைக்குப் பூர்வீகம் பத்தொன்பதாம் நூற்றாண்டு டெலிபோன் எக்ஸ்சேஞ்ச். ஆபரேட்டர் பெண்கள் போர்டில் சொருகிச் சொருகி எடுத்த கால் அங்குல பின்தான் அப்பன். டிரான்சிஸ்டர் ரேடியோக்கள் அதைச் சுருக்கி மூணரை ஆக்கின.

பிரச்சினை இதுதான். வாக்மேனிலிருந்து பாட்டு வெளியே வர ஓட்டை இருக்கிறது. லாரி டேப்புக்குள் போக ஓட்டை இல்லை. இந்தப் பக்கம் வாசல், அந்தப் பக்கம் சுவர். தன் கேசட்டையும் தன் ரேடியோவையும் தவிர யாரையும் உள்ளே விடாத பெட்டி அது.

சுவரில் ஓட்டை போடாமல் ஏமாற்றும் வழி 1980களில் வந்தது. கேசட் வடிவத்தில் ஒரு டப்பா, அதிலிருந்து ஒரு ஒயர். டப்பாவுக்குள் டேப் கிடையாது, ஒரு குட்டி ஹெட் மட்டும். அது உண்டாக்கும் காந்தப்புலத்தை, ஓடுகிற டேப் என்று நம்பி டெக்கின் ஹெட் படித்துவிடும். அற்புதமான புளுகு! ஆட்டோ ரிவர்ஸ் டெக்குகளில் சில சமயம் இந்தப் புளுகு எடுபடாது. டேப் முடிந்துவிட்டது என்று நினைத்து டக் டக் என்று பக்கம் மாற்றிக்கொண்டே இருக்கும்.

அப்புறம் எஃப்.எம். டிரான்ஸ்மிட்டர். சிகரெட் லைட்டர் சாக்கெட்டில் சொருகினால் உங்கள் பாட்டை ஒரு குட்டி வானொலி நிலையமாக ஒலிபரப்பும். பிரிட்டனில் 2006 டிசம்பர் வரைக்கும் இது சட்டப்படி குற்றம். கிருஷ்ணகிரியில் காலி அலைவரிசைக்குப் பஞ்சமில்லை, பிரமாதமாக வேலை செய்யும். ஆனால் இந்தியாவின் முதல் தனியார் எஃப்.எம். 2001 ஜூலையில் ஆரம்பித்தது எங்கே தெரியுமா? பெங்களூரில். 2006க்கு அப்புறம் இன்னும் பல வந்து சேர்ந்தன. அத்திப்பள்ளி தாண்டி பொம்மசந்திரா நெருங்கினால் உங்கள் இளையராஜா மேல் ஒரு கன்னட ஆர்.ஜே. ஏறி உட்கார்ந்து வணக்கம் சொல்வார்.

மாமாவுக்கு இந்த ரெண்டும் பிடிக்காது. "பெட்டியத் தெறந்து நேராக் குடுத்தாதான்டா அது வேலை" என்பார். டெக்கைக் கழற்றி, ஹெட் சிக்னல் பெரிதாகி வால்யூம் கண்ட்ரோலுக்கு வருகிற இடத்தைத் தேடிப் பிடித்து, அங்கே வெட்டி, இடது வலது எர்த்து என்று மூன்று ஒயர் பத்தவைத்து, நுனியில் ஒரு பின். சில டெக்குகளில் கேசட் ஓடினால்தான் ஆம்ப்ளிக்குக் கரண்ட் போகும். அதற்காகவே கடையில் ஒரு அட்டைப்பெட்டி நிறையச் செத்த கேசட்டுகள் இருக்கும். உள்ளே டேப்பை உருவிப் போட்டுவிட்டு வெறும் கூட்டை மட்டும் கொடுப்பார். அது சும்மா சுத்திக்கொண்டிருக்கும், பாட்டு ஒயர் வழியாக வரும். கம்பெனிகள் டேப்பின் முகத்திலேயே 'ஆக்ஸ்' ஓட்டை வைத்துக் கொடுத்தது எங்கள் பக்கத்து லாரிகளுக்கு மெதுவாகத்தான் வந்து சேர்ந்தது.

2009 கோடை லீவு. ஒரு லாரியில் டிரைவருக்கு ஐம்பது வயது இருக்கும். கிளீனர் பையன் குப்பம் பக்கம், தெலுங்கு. சம்பளத்தில் ஒரு சைனா எம்பி3 பிளேயர் வாங்கியிருக்கிறான். அதை டேப்பில் கொடுக்கச் சொல்லி அவன் கேட்க, டிரைவருக்கு இஷ்டமில்லை.

"வண்டி நான் ஓட்டறேன், பாட்டு இவன் போடறதா? தூக்கம் வந்தா எனக்குத்தானே வருது."

பையன் ஒன்றும் பேசவில்லை. பிளேயரை இறுக்கிப் பிடித்துக்கொண்டு டயர் பக்கத்தில் நின்றான். மாமா கொஞ்ச நேரம் ஸ்க்ரூ டிரைவரால் காதைக் குடைந்தார். அப்புறம், "ஒரு சுவிட்ச் வெச்சுத் தர்றேண்ணே. இந்தப் பக்கம் தட்டினா உங்க கேசட். அந்தப் பக்கம் தட்டினா அவன் ஒயரு. சுவிட்ச் உங்க கை எட்டற எடத்துலதான் இருக்கும்" என்றார். டிரைவர் யோசித்துவிட்டு, "சரி, சேலம் வரைக்கும் என்னுது" என்றார். அந்த ஒயரை நான்தான் பிடித்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் பக்கத்தில் பாட்டு வெறும் பாட்டு இல்லை என்பதை வெளியூர்க்காரர்களுக்கு விளக்குவது கஷ்டம். தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் ஒரே டீக்கடையில் புழங்கும் ஊர். ஆனால் 1991 டிசம்பர் காவிரிக் கலவரத்தையும், 2000ல் ராஜ்குமார் கடத்தப்பட்டு 108 நாள் காட்டில் இருந்ததையும் பார்த்த டிரைவர்களுக்கு, அத்திப்பள்ளி வந்ததும் கை தானாக வால்யூம் குமிழுக்குப் போகும். கர்நாடகா வண்டிக்காரர்கள் இந்தப் பக்கம் வரும்போதும் அப்படித்தான். பாட்டின் மொழி என்பது நம்பர் பிளேட் மாதிரி.

2016 செப்டம்பர் 7ஆம் தேதி ஆப்பிள் கம்பெனி மூணரை மில்லிமீட்டர் ஓட்டையே இல்லாத ஐபோன் 7ஐ அறிவித்தது. நெட்டில் எல்லாரும் ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தபோது, 12ஆம் தேதி பெங்களூரில் காவிரிக் கலவரம். தமிழ்நாட்டு நிறுவனம் ஒன்றின் பஸ்கள் முப்பதுக்கும் மேல் டெப்போவிலேயே எரிந்தன. நான் அப்போது காலேஜ், மறுநாள் பக்ரீத் என்பதால் லீவில் கிருஷ்ணகிரி வந்திருந்தேன். மாமாவின் ரெகுலர் கஸ்டமர் ஒருத்தர் பென் டிரைவை நீட்டி, "தம்பி, நீ கம்ப்யூட்டர் படிக்கிறயில்ல, இதுல இருக்கறத அழிச்சிட்டு ராஜ்குமார் பாட்டா ஏத்திக் குடு. கேட்டா போட்டுக் காட்டிடலாம்" என்றார். ஏற்றிக் கொடுத்தேன். எல்லையில் வண்டியையே விடவில்லை. ஓசூரில் ரோட்டோரம் நிறுத்திவிட்டு, அங்கே உட்கார்ந்து அதையே கேட்டுக்கொண்டிருந்ததாக மாமாவுக்குப் போன் பண்ணிச் சொன்னாராம். நல்லாத்தான் இருக்குது என்றாராம்.

இப்போது லாரிகள் கேபினோடு வருகின்றன, டேப்பும் புளூடூத்தோடு வருகிறது. டிரைவர் போன் ஒருமுறை இணைந்துவிட்டால் அடுத்தவன் போன் உள்ளே போக அவர் அனுமதி வேண்டும். மாமா கடையில் ஒயர் பத்தவைக்கச் சொல்லி வருகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். போன மாதம் நான் எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து கிருஷ்ணகிரி போயிருந்தபோது பழைய வண்டிக்காரர் ஒருவர் வந்தார். ஆக்ஸ் ஓட்டையில் சொருகுகிற புளூடூத் டப்பா வாங்கியிருக்கிறார். டப்பாவுக்குக் கரண்ட் லைட்டர் சாக்கெட் சார்ஜரிலிருந்து. ஆக்ஸிலரேட்டர் மிதிக்க மிதிக்க பாட்டுக்குப் பின்னால் 'ங்ஙொய்ய்' என்று ஒரு சத்தம் ஏறுகிறதாம்.

பழைய ஆசாமிதான் அது. சார்ஜர் வழியாக ஒரு எர்த்து, ஆக்ஸ் ஒயர் வழியாக இன்னொரு எர்த்து. ரெண்டுக்கும் நடுவே டைனமோ சத்தம் சுற்றி வந்து ஸ்பீக்கரில் ஏறிக்கொள்கிறது. காலேஜில் இதற்கு கிரவுண்ட் லூப் என்று பெயர் சொன்னார்கள். மாமா, "ரெண்டு எர்த்து ஆகாதுடா" என்பதோடு நிறுத்திக்கொள்வார். பெட்டியைத் துழாவி ஒரு ஐசோலேட்டர் எடுத்தார். உள்ளே ஒன்றுக்கு ஒன்று சுற்றின குட்டி டிரான்ஸ்ஃபார்மர்கள் இரண்டு. பாட்டு தாண்டும், எர்த்து தாண்டாது. அதை நடுவில் மாட்டிவிட்டு, இன்ஜினை ரைஸ் பண்ணச் சொல்லிக் காதை ஸ்பீக்கர் பக்கத்தில் வைத்துக் கேட்டார். சத்தம் போய்விட்டது. காசு வாங்கும்போது, அந்த நடு ஒயரை எடுத்துட்டு கன்வர்ட்டர் மாட்டிக்கங்க என்று வழக்கம்போல் சொன்னார். அவரும் வழக்கம்போல் அடுத்த ட்ரிப்புல பாக்கலாம்ணே என்றார்.