ஊவா மலைச்சரிவில் ஈர்ப்பும் உந்தமும்

பெரகலையிலிருந்து வரும் ஏ16 வீதி, பேராதனை–செங்கலடி வீதியோடு சேரும் சந்தியில் இருக்கிறது ஹாலிஎல. ரயிலில் வருபவருக்குப் பதுளைக்கு முந்திய நிலையம் இதுதான். பதுளை நகரம் ஏறத்தாழ 650 மீட்டர் உயரத்தில் இருக்க, அருகிலுள்ள நமுனுகல மலை 2,036 மீட்டருக்கு எழுந்து நிற்கிறது. இந்த உயர வேறுபாட்டை நம்பித்தான் இங்கே ஆறும் ரயிலும் தேயிலைக் கொழுந்தும் இறங்கி வந்திருக்கின்றன. மழைக்காலத்தில் மண்ணும் இறங்கிவிடுகிறது.

பொருள் ஏன் விழுகிறது என்ற கேள்வி பழையது. இந்திய மெய்யியலில் வைசேடிகர் அதற்குக் குருத்துவம் என்ற குணத்தைக் காரணமாகச் சொன்னார்கள். வில்லிலிருந்து புறப்படும் அம்பு, முதல் உந்துதலில் பெற்ற வேகத்தால் தொடர்ந்து செல்கிறது என்றும், அது தீர்ந்த பிறகே குருத்துவத்தால் கீழே விழுகிறது என்றும் அந்த மரபின் மூலநூலான கணாதரின் சூத்திரங்கள் விளக்குகின்றன. தள்ளியது கைவிட்ட பின்னும் இயக்கம் தொடரக் காரணம் அம்புக்குள்ளேயே இருக்கிறது என்று கண்டது பெரிய சிந்தனை. பிழைத்தது ஓரிடத்தில்தான்: முன்செல்வதும் விழுவதும் ஒன்றன்பின் ஒன்றாக நிகழ்வதில்லை, புறப்பட்ட கணத்திலிருந்தே இரண்டும் சேர்ந்து நிகழ்கின்றன. 1638இல் வெளியான நூலில் கலிலியோ இதைக் காட்டினார். கிடையாகச் செல்லும் வேகம் மாறாமல் இருக்க, நிலைக்குத்து வேகம் ஒவ்வொரு செக்கனும் கூடிக்கொண்டே போவதால் எறியத்தின் பாதை பரவளைவாகிறது. 1687இல் நியூற்றன் இதையும் சந்திரன் பூமியைச் சுற்றுவதையும் ஒரே ஈர்ப்பு விதிக்குள் கொண்டுவந்தார்.

ஹாலிஎலவைக் கடந்து போகும் பதுளு ஓயா, முன்செல்வதும் விழுவதும் சேர்ந்து நிகழ்வதைக் கண்ணெதிரே நிகழ்த்திக் காட்டுகிறது. பதுளைக்கு அப்பால் அந்த ஆறு துன்ஹிந்த அருவியாக 64 மீட்டர் விழுகிறது. இந்த அகலக்கோட்டில் புவியீர்ப்பு ஆர்முடுகல் செக்கனுக்குச் செக்கன் ஏறத்தாழ 9.78 மீட்டர். காற்றுத் தடையை விட்டுவிட்டால், நீர் 3.6 செக்கனில் அடியைத் தொடும். அப்போது அதன் வேகம் மணிக்கு 127 கிலோமீட்டர். பாறை விளிம்பைச் செக்கனுக்கு 2 மீட்டர் வேகத்தில் கிடையாகத் தாண்டும் நீர், விளிம்புக்கு நேர்கீழிருந்து 7 மீட்டர் தள்ளி விழும். கொஸ்லந்தைக்கு அருகே 220 மீட்டர் விழும் தியலும அருவியில் இந்தக் கணக்கு அப்படியே செல்லாது. நீர் துளிகளாகச் சிதறுவதால் காற்று அதைத் தாங்கிப் பிடிக்கிறது, வேகம் ஓர் எல்லைக்கு மேல் ஏறுவதில்லை.

ஈர்ப்பை வேலைக்கு அமர்த்தியது தேயிலை. 1890இல் அப்புத்தளைக்கு அருகே தம்பேதென்ன தோட்டத்தை வாங்கிய தோமஸ் லிப்டன், மேல் மலைகளில் பறித்த கொழுந்தை உயரக் கட்டிய கம்பிகளில் தொழிற்சாலைக்கு இறக்க ஏற்பாடு செய்தார். 100 மீட்டர் கீழே இறங்கும் மூட்டை, தடை எதுவும் இல்லையென்றால் மணிக்கு 159 கிலோமீட்டர் வேகத்தில் வந்து மோதும். உராய்வும் கம்பியின் தொய்வும்தான் அதை அடக்குகின்றன. தொங்கும் கம்பியின் சரிவு அடிப்பகுதியில் குறைந்து போவதால் மூட்டையை இழுக்கும் விசையும் அங்கே குறைகிறது. மூட்டைக்குக் கம்பி இருந்தது. கொழுந்து பறிக்க மலையேற வேண்டிய பெண்ணுக்கு எதுவும் இருக்கவில்லை. 50 கிலோ திணிவுள்ள ஒருவர் 200 மீட்டர் ஏற 98 கிலோயூல் வேலை செய்ய வேண்டும். உடல் தன் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு அளவையே வேலையாக மாற்றுவதால், அதற்கு ஏறத்தாழ 117 கிலோகலோரி உணவு செலவாகிறது. கொழுந்துக் கூடையின் பாரம் இதில் சேரவில்லை. ஈர்ப்பு இலவசமாகக் கிடைத்தது என்று தோட்ட வரலாறு எழுதுகிறவர்கள் இந்தச் செலவையும் எழுத வேண்டும்.

ரயில் பாதை நானுஓயாவை 1885இலும் பண்டாரவளையை 1894இலும் எட்டியது. பதுளைக்கு வந்து சேர 1924 ஆயிற்று. பட்டிப்பொலயில் 1,898 மீட்டர் வரை ஏறும் பாதை, அங்கிருந்து பதுளைக்குள் 1,200 மீட்டருக்கு மேல் இறங்க வேண்டும். மலைப்பாதையின் மிகக் கடுமையான சரிவு 44க்கு 1. பார்வைக்கு இது சிறிதாகத் தெரியும். ஆனால் 200 தொன் ரயிலை அந்தச் சரிவு 44,000 நியூற்றனுக்கு மேற்பட்ட விசையோடு கீழே இழுக்கிறது. தடுப்பு இல்லாமல் விட்டால், உராய்வு நீங்கலாக, நின்ற நிலையிலிருந்து ஒரே நிமிடத்தில் மணிக்கு 48 கிலோமீட்டர் வேகம் வந்துவிடும். உந்தம் என்பது திணிவையும் வேகத்தையும் பெருக்கி வருவது. அத்தனை திணிவுக்குச் சிறு வேகம்கூடப் பேருந்தம். ஆகவே இலங்கை ரயில்கள் வெற்றிடத் தடுப்பை நம்பி வந்திருக்கின்றன. குழாயில் வெற்றிடம் இருக்கும்வரைதான் தடுப்பு விலகியிருக்கும். குழாய் அறுந்து காற்று புகுந்தால் தடுப்பு தானாகவே சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும்.

எல்லவுக்கும் ஹாலிஎலவுக்கும் இடையே, தெமோதரையில், பொறியியலாளர்கள் இடப் பற்றாக்குறையை வேறு வழியில் தீர்த்தார்கள். சரிவைக் கூட்ட முடியாததால் பாதையை நீட்டினார்கள். நிலையத்தை விட்டுப் புறப்படும் ரயில் மலையை வளைந்து சுற்றி இறங்கி, அதே நிலையத்துக்கு அடியிலுள்ள சுரங்கத்தில் நுழைகிறது. ஒரு கங்காணி தன் தலைப்பாகையை அவிழ்த்துச் சுற்றியதைப் பார்த்துப் பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர இந்த யோசனையைப் பெற்றார் என்பது செவிவழிக் கதை. சரிவு குறையக் குறைய இழுக்கும் விசை குறையும் என்பதைக் கலிலியோ சாய்பலகையில் உருட்டிய குண்டுகள் முன்பே காட்டியிருந்தன. தெமோதரை வளையமும் அந்த விதிப்படிதான் கட்டப்பட்டது.

இதே விசை மண்ணிலும் இயங்குகிறது. சரிவில் உள்ள மண்ணை ஈர்ப்பின் ஒரு கூறு கீழ்நோக்கி இழுக்கிறது. துகள்களுக்கிடையிலான உராய்வும் ஒட்டும் தன்மையும் பிடித்து வைக்கின்றன. மழைநீர் இடைவெளிகளை நிரப்பும்போது நீரழுத்தம் துகள்களைப் பிரித்து உராய்வைக் குறைக்கிறது, மண்ணின் நிறையும் கூடுகிறது. 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் தோட்டத் தொழிலாளரின் லயன் குடியிருப்புகளை மண் மூடியது இப்படித்தான். ஈர மண் ஒரு கனமீட்டர் ஏறத்தாழ 2 தொன். செக்கனுக்கு 10 மீட்டரில் வரும் ஒவ்வொரு கனமீட்டரும் மணிக்கு 36 கிலோமீட்டரில் ஓடும் 2 தொன் வாகனத்தின் உந்தத்தோடு சுவரில் மோதுகிறது. லயன் சுவர் எதற்கும் அதைத் தாங்கும் வலு இல்லை. அந்த இடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் முன்னரே எச்சரித்திருந்தது. எச்சரிக்கை இருந்தும் குடும்பங்கள் அங்கேயே இருக்க நேர்ந்தது. மாற்று வீடு தராமல் வெளியேறச் சொல்வது எச்சரிக்கையில் பாதிதான்.

24 மணி நேரத்தில் 75 மில்லிமீட்டர் மழை பெய்தால் விழிப்பாக இருக்கவும், 100ஐத் தாண்டினால் வெளியேற ஆயத்தமாகவும், 150ஐத் தாண்டினால் உடனே வெளியேறவும் அந்நிறுவனத்தின் மழை வரம்புகள் சொல்கின்றன. நிலத்தில் புதிய வெடிப்பு, திடீரென ஊறும் நீரூற்று, கலங்கி வரும் ஊற்றுநீர், சாயத் தொடங்கும் மரம் அல்லது கம்பம் ஆகியவற்றைக் கண்டால் மழைமானியின் கணக்குக்காகக் காத்திருக்கத் தேவையில்லை.