தம்புராவின் நூலும் கிடாரின் பெடலும்

ராணிப்பேட்டை என்றதும் நம் பக்கத்து ஆட்களுக்கு டேனரியும் பெல் கம்பெனியும்தான் நினைவுக்கு வரும். அந்த ஊரில் பிறந்த ஒருவர் எலெக்ட்ரிக் கிடாரில் கர்நாடக சங்கீதம் வாசித்துப் பல நாட்டு மேடைகளைப் பார்த்தவர் என்பது பலருக்குத் தெரியாது. பெயர் பிரசன்னா. 'கிடார் பிரசன்னா' என்றால் சபாக்காரர்களுக்குத் தெரியும். சென்னை ஐ.ஐ.டி.யில் கப்பல் கட்டும் பொறியியல் படித்துவிட்டு, அமெரிக்காவில் பெர்க்லீ இசைக் கல்லூரிக்குப் போனவர். ஆஸ்கர் விருது வாங்கிய 'ஸ்மைல் பிங்கி' ஆவணப் படத்துக்கு இசையமைத்தவரும் அவர்தான்.

2006-ல் அவர் 'எலெக்ட்ரிக் கணேஷா லேண்ட்' என்று ஓர் ஆல்பம் வெளியிட்டார். 1970-ல் இளம் வயதிலேயே மறைந்த அமெரிக்க கிடார் மேதை ஜிமி ஹெண்ட்ரிக்ஸுக்குச் செய்த மரியாதை அது. அதில் நம் தாள வாத்தியங்களோடு சேர்ந்து கிடார் கரகரத்த குரலில் பாடுகிறது. நம் வயதுக்காரர்கள் கேட்டால், "என்னப்பா, ஸ்பீக்கர் கிழிஞ்சு போச்சா?" என்பார்கள்.

அந்தக் கேள்வியில் பாதி உண்மை இருக்கிறது. இந்தக் கரகரப்பு பிறந்ததே பழுதில்தான். 1951-ல் அமெரிக்காவில் 'ராக்கெட் 88' என்ற பாட்டைப் பதிவு செய்யப் போன குழுவின் ஆம்ப்ளிஃபயர் வழியில் அடிபட்டுவிட்டது. உள்ளே காகிதத்தைத் திணித்துச் சமாளித்தார்கள் என்று சொல்லப்படுகிறது. அந்தக் கரகரப்பே பாட்டுக்கு அழகாகிவிட்டது. 1958-ல் லிங்க் ரே என்பவர் வேண்டுமென்றே ஸ்பீக்கரில் ஓட்டை போட்டு வாசித்தார். 1961-ல் நாஷ்வில் நகரத்து ஒலிப்பதிவில் கருவி கெட்டு ஒரு கிடார் உறுமியது; அதையும் அப்படியே இசைத்தட்டில் விட்டார்கள். மறு ஆண்டே, அந்த ஒலியைத் தரும் 'ஃபஸ் டோன்' என்ற சின்னப் பெட்டி கடைக்கு வந்துவிட்டது. 1965-ல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழு அதைப் பயன்படுத்திய பிறகு உலகமே அதைத் தேடி வாங்கியது.

ஓவர்டிரைவ் என்பது ஃபஸ்ஸைவிட மென்மையானது. நம் வீட்டு மர்பி, புஷ் வால்வு ரேடியோக்களை நினைத்துப் பாருங்கள். வால்யூமை முழுக்கத் திருகினால் குரல் தடித்து, கொஞ்சம் உடைந்து வரும். கிடார் ஆம்ப்ளிஃபயரின் வால்விலும் அதே கதைதான். தாங்கும் அளவுக்கு மேல் சத்தத்தைத் தள்ளினால் ஒலி அலையின் உச்சி மழுங்கிவிடும். அப்படி மழுங்கும்போது, மூல ஸ்வரத்தோடு அதன் மேல் ஸ்வரங்கள் பலவும் சேர்ந்து ஒலிக்கும். ஆனால் அதற்கு ஆம்ப்ளிஃபயரைக் காது கிழிய அலறவிட வேண்டும். சின்ன இடத்தில் அது நடக்காது. 1977-ல் ஜப்பானின் பாஸ் கம்பெனி 'ஓ.டி.-1' என்ற பெடலையும், 1979 வாக்கில் ஐபனீஸ் பெயரில் 'டியூப் ஸ்கிரீமர்' என்ற பச்சை நிறப் பெடலையும் கொண்டுவந்தார்கள். காலால் ஒரு மிதி மிதித்தால் போதும். அடக்கமான சத்தத்திலேயே அந்தத் தடித்த குரல் வந்துவிடும்.

சரி, கர்நாடக சங்கீதத்துக்கு இது எதற்கு? கிடார் தந்தியை மீட்டினால் ஒலி உடனே தேயத் தொடங்கும். நம் சங்கீதத்துக்கு உயிர் கமகம். ஒரு ஸ்வரத்தை இழுத்து, அசைத்து, அடுத்ததில் இறக்குவதற்குள் ஒலி செத்துவிட்டால் ராகம் எங்கே நிற்கும்? மாண்டலின் ஸ்ரீநிவாஸ் எலெக்ட்ரிக் மாண்டலினை எடுத்ததற்கும் காரணம் இதுதான். இரட்டைத் தந்திகளை விட்டு, ஐந்து ஒற்றைத் தந்திகள் வைத்துக்கொண்டார். 1981-ல் அந்தச் சிறுவன் சென்னையில் வாசித்தபோது, இது நம் வாத்தியமா என்று கேட்டவர்கள் இருந்தார்கள். பிறகு அவர்களே முன் வரிசையில் உட்கார்ந்து கேட்டார்கள்.

மின்சாரம் ஒலியைப் பெரிதாக்கியது. ஓவர்டிரைவ் அதன் ஆயுளையும் நீட்டியது. தேயும் ஒலியை அது தூக்கிப் பிடிப்பதால் ஸ்வரம் நெடுநேரம் நிற்கும். இன்னொரு பொருத்தமும் உண்டு. பல ஸ்வரங்களைச் சேர்த்து மீட்டினால் ஓவர்டிரைவில் அவை ஒன்றோடொன்று மோதிக் குழம்பும். நம் சங்கீதமோ ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரமாகச் செல்வது. அதனால் அந்தக் குழப்பம் நமக்குக் குறைவு.

கரகரப்பு நமக்கு அந்நியமும் இல்லை. தம்புராவின் குதிரைமேல், தந்திக்கு அடியில் ஒரு பருத்தி நூலை வைப்பார்கள். அதற்கு 'ஜீவா' என்று பெயர். நூலை எடுத்துவிட்டால் தந்தி வெறுமனே 'டங்' என்கும். நூல் இருந்தால் 'ஙொய்' என்று மேல் ஸ்வரங்கள் விரியும். மிருதங்கத்தின் வலந்தலையில், தோல்களுக்கு நடுவே சின்னக் குச்சிகளைச் செருகுவதும் நாதத்தில் அந்தச் சிலிர்ப்பு வரத்தான். தோலோடு வாழும் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. சுத்தமான ஒலியில் அளவாகக் கொஞ்சம் கரகரப்பைக் கலந்தால்தான் அதற்கு ஜீவன் வரும் என்று நம் முன்னோர் கண்டுகொண்டார்கள். மேல்நாட்டார் அதையே கிழிந்த ஸ்பீக்கர் வழியாகக் கண்டுபிடித்தார்கள்.

அளவு என்பதுதான் சூட்சுமம். வீட்டில் பேரன் பெடல் வாங்கிவந்து அலறவிட்டால், "நிறுத்துடா" என்று சொல்லாதீர்கள். அதில் 'டிரைவ்', 'டோன்', 'லெவல்' என்று மூன்று திருகுகள் இருக்கும். டிரைவைக் குறைத்து, லெவலைக் கூட்டி, ஒரே தந்தியில் ஒரு மோகனம் வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு இருவரும் உட்கார்ந்து முதலில் ஸ்ரீநிவாஸையும், அடுத்து நம் ராணிப்பேட்டைக்காரரையும் கேளுங்கள். ஸ்வரம் எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதை மட்டும் கவனியுங்கள்.