சுவர் வளர்த்த அரசு

புதுச்சேரியில் வைசியாள் வீதிப் பக்கம் ஒரு பழைய வீட்டு மதில். சுண்ணாம்புச் சாந்தில் செங்கல் வைத்துக் கட்டியது. மேல்பூச்சு பல இடங்களில் பெயர்ந்து கல் தெரியும். அதில், ஆளுயரத்துக்குச் சற்று மேலே, ஓர் அரசங்கன்று நின்றது. மைனாவோ குயிலோ தின்ற பழத்தின் விதை அது. பறவை வயிற்றைச் சேதமில்லாமல் கடந்து, எச்சத்தோடு விழுந்து, சாந்து உதிர்ந்த இடுக்கில் ஐப்பசி மழையின் ஈரத்தைப் பிடித்துக்கொண்டு முளைத்திருக்கிறது. 1826இல் பிரெஞ்சுக்காரர்கள் இங்கே அமைத்த தாவரவியல் பூங்காவுக்குத் தூர தேசத்து மரங்கள் கப்பலேறி வந்தன. அரசுக்கு ஒரு பறவையும் ஒரு விரிசலும் போதும்.

சுண்ணாம்புச் சுவர் மழைநீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல விடும். அந்தக் கசிவுதான் கன்றுக்குக் கிடைத்த தண்ணீர். மண் என்று சொல்ல அரைவிரல் கனச் சாந்துதான். தரையில் நின்றிருந்தால் இத்தனை வருடத்தில் மாடியைத் தொட்டிருக்கும். சுவரில் முழங்கை உயரம்கூடத் தாண்டவில்லை. தண்டு மட்டும் முறுகிப் பருத்துக் கிழட்டு மரத்தின் பட்டையோடு இருந்தது. போன்சாய் என்றதுமே, “பாவம், மரத்தைப் பட்டினி போட்டுக் குள்ளமாக்குகிறார்கள்” என்பவர்களுக்கு நான் இந்த அரசின் கதையைத்தான் சொல்வேன். இதைப் பட்டினி போட்டது சுவர். வேளைக்குத் தண்ணீரும் உரமும் கிடைத்தது தொட்டிக்கு வந்த பிறகுதான்.

கடற்கரைச் சாலையில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் நின்ற மேரி என்ற நகராட்சிக் கட்டடம் 2014 நவம்பர் மழையில் இடிந்து விழுந்ததைப் பார்த்த ஊர் இது. பழைய சுவரில் செடி தலைகாட்டினால் வீட்டுக்காரருக்குத் திக்கென்கிறது. அரச வேர் மயிரிழை விரிசலில் நுழைந்து, பருக்கப் பருக்கக் கல்லை நெம்பும். ஆகவே மதிலைப் பழுதுபார்க்க ஆள் வந்தது. கொத்தனார் உளியைக் கீழே வைத்துவிட்டு நின்றார். “அரசு, வெட்டக் கை வரல சார். வேரோட எடுத்துத் தரேன், எங்கியாவது வச்சிருங்க.” பிள்ளையார் உட்காரும் மரத்தை வெட்ட அவருக்கு மனம் வரவில்லை. சுற்றியிருந்த செங்கல்லை ஒவ்வொன்றாகத் தட்டி எடுத்து, சாந்தை உதிர்த்து, வேர் அறாமல் கன்றை வெளியே கொண்டுவந்தார். அப்போதுதான் அந்த வேரைப் பார்த்தேன். இரண்டு வரிசைக் கல்லுக்கு நடுவே நசுங்கி வளர்ந்ததால் உள்ளங்கை விரித்ததுபோலத் தட்டையாகப் பரந்திருந்தது. ஆழமில்லாத தட்டில் வைக்க அதைவிடப் பொருத்தமான வேர் கிடைக்காது. நாற்றங்காலில் வளர்த்து அப்படி ஒரு வேரை உண்டாக்கப் பல வருடம் பாடுபட வேண்டும்.

ஜப்பானில் மலைப்பாறை இடுக்குகளில் காற்றும் பனியும் ஒடுக்கிய மரங்களைத் தேடி எடுத்துவந்து போன்சாய் ஆக்குவது பழைய வழக்கம். சீனத்திலிருந்து ஜப்பானுக்குப் போன கலை அது. புதுச்சேரி பிரெஞ்சு ஆட்சியில் இருந்த 1878இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் ஜப்பானியர் தொட்டி மரங்களைக் காட்சிக்கு வைத்தார்கள். மலை இல்லாத இந்தக் கடலோர ஊரில் பாறையின் வேலையைச் சுவர்கள் செய்கின்றன. நகரத்துத் தெருக்களில் நடந்தால் மாடி விளிம்பிலும் தண்ணீர்க் குழாய் ஓரத்திலும் ஆலும் அரசும் இச்சியும் காத்திருப்பது தெரியும். பணம் கொடுத்துக் கன்று வாங்குமுன் பழுதுபார்ப்பு நடக்கிற வீடுகளில் கேட்டுப் பாருங்கள் என்றுதான் புதிதாகத் தொடங்குபவர்களுக்குச் சொல்கிறேன்.

வீட்டுக்கு வந்ததும் அரசு நேராகத் தட்டுக்குப் போகவில்லை. நைந்த வேர்முனைகளைக் கத்தரித்து, பால் வடிந்த இடங்களில் மஞ்சள் தூள் தொட்டு, இலைகளை எல்லாம் கிள்ளிவிட்டு, அகலமான மண் தொட்டியில் நிழலில் வைத்தேன். வேர் குறைந்த மரத்தில் இலையை விட்டுவைத்தால், இருக்கிற ஈரத்தையும் அது இழுத்து ஆவியாக்கிவிடும். செம்பு நிறத்தில் முதல் துளிர் விட்டதும் கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்கு நகர்த்தினேன். பிறகு இஷ்டம்போல் வளரவிட்டு, நீண்ட கிளையை வெட்டி, அடுத்த கணுவில் திரும்பி வருவதை மறுபடி வளரவிட்டு வெட்டினேன். வளைவு வேண்டிய கிளைக்கு மட்டும் அலுமினியக் கம்பி. கோடையில் அரசு வேகமாகப் பருக்கும். கம்பியை அடிக்கடி பார்க்காவிட்டால் பட்டைக்குள் பதிந்துவிடும், அந்தத் தழும்பு எளிதில் மறையாது.

மண் கலவைதான் உயிர். ஜப்பானியர் எரிமலைச் சாம்பலிலிருந்து உண்டான களிமண் உருண்டைகளைப் பயன்படுத்துகிறார்கள். நமக்குச் செங்கல் ஜல்லி போதும். கடுகுக்கும் பட்டாணிக்கும் இடைப்பட்ட அளவில் உடைத்து, தூளைச் சலித்துவிட வேண்டும். தூள் தங்கினால் தண்ணீர் வடியாது. இரண்டு பங்கு ஜல்லிக்கு ஒரு பங்கு ஆற்று மணல், ஒரு பங்கு மக்கிய தொழுவுரம், ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்கு. சுண்ணாம்பு ஒட்டிய பழைய செங்கல்லைச் சேர்க்காதீர்கள்.

தட்டு இந்த ஊர்ச் சூளையில் வெந்தது. 1971இல் ரே மீக்கரும், ஜப்பானில் மண்பாண்டக் கலை பயின்ற டெபோரா ஸ்மித்தும் இங்கே கோல்டன் பிரிட்ஜ் பாட்டரியைத் தொடங்கினார்கள். அதிலிருந்து கிளைத்த குயவர்கள் ஊரைச் சுற்றிப் பலர். அவர்களிடம் சொல்லிச் செய்து வாங்கலாம். உயர் வெப்பத்தில் வெந்த தட்டு சாதாரண மண் தொட்டிபோல ஈரத்தை உறிஞ்சாது. அதனால் வடிகால் ஓட்டை பெரிதாக இருக்க வேண்டும், குறைந்தது இரண்டு இருக்க வேண்டும்.

கடலோரத்தில் தண்ணீர் தனிக் கவலை. நிலத்தடி நீரில் உப்பு ஏறியிருக்கிறது. அதையே ஊற்றினால் இலை விளிம்பு கருகும், தட்டின் ஓரத்தில் வெள்ளை படியும். மழைநீரைப் பிடித்து வைப்பது நல்லது. மாடித் தொட்டித் தண்ணீர் சித்திரை வெயிலில் கொதிக்கும். காலையிலேயே ஊற்றிவிட வேண்டும், மாலையில் மண்ணைத் தொட்டுப் பார்த்து இன்னொரு முறை. மரத்தை ஏசி அறையில் அலங்காரமாக வைப்பதைப் பார்த்தால் எனக்கு மனம் தாங்காது. அரசு வெட்டவெளி மரம். விருந்தாளி வந்தால் ஒரு நாள் கூடத்தில் வைக்கலாம், மறுநாள் வெயிலுக்குத் திருப்பிவிட வேண்டும். மாவுப்பூச்சிக்கு லிட்டருக்கு 5 மில்லி வேப்ப எண்ணெய், கூடக் கொஞ்சம் சோப்புக் கரைசல்.

இப்படி வளர்ந்ததில், சாதாரணமாகக் கை அகலம் இருக்கிற இலை இரண்டு விரல் அகலத்துக்கு வந்துவிட்டது. நுனியில் வால் மட்டும் அப்படியே.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, ஒரே நாளில் 45 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. தட்டைத் தரையில் இறக்கி, கைப்பிடிச் சுவரை ஒட்டி, ஓட்டைகள் அடைபடாமல் இரண்டு செங்கல்மேல் உயர்த்திக் கட்டிவைத்திருந்தேன். இலைகள் கிழிந்தன, வேர் அழுகவில்லை. மாசியில் மிச்ச இலையும் உதிர்ந்து மொட்டு வீங்கியதும் மரத்தைத் தட்டிலிருந்து எடுத்து, சுற்றிச் சுற்றி ஓடியிருந்த வேரில் மூன்றில் ஒரு பங்கைக் கத்தரித்து, புது மண்ணில் வைத்தேன். வெட்டிய வேரில் தடித்த துண்டு ஒன்றை ஈர மணலில் ஊன்றியிருந்தேன், அது துளிர்த்துவிட்டது. அதற்குத் தரையில் இடம் பார்க்கிறேன். ஏரிக்கரையாக இருந்தால் நல்லது, எந்தச் சுவரிலிருந்தும் 30 அடியாவது தள்ளி.