கவ்லிட்ஸ் கவுண்டி

கவ்லிட்ஸ் கவுண்டி என்பது ஐக்கிய அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தின் தென்மேற்குப் பகுதியில் அமைந்துள்ள ஒரு கவுண்டி (மாவட்டம்) ஆகும். இது 1854 ஆம் ஆண்டு உருவாக்கப்பட்டது. இங்கு வாழ்ந்த கவ்லிட்ஸ் பழங்குடியினரின் பெயரே கவுண்டிக்கு இடப்பட்டுள்ளது. இதன் தலைநகரம் கெல்சோ; பெரிய நகரம் லாங்வியூ. பரப்பளவு ஏறத்தாழ 3,020 ச.கி.மீ. 2020 கணக்கெடுப்பின்படி மக்கள்தொகை 110,730 ஆகும்.

செயின்ட் எலன்சு எரிமலை இக்கவுண்டிக்குள் இல்லை. அதன் சிகரம் கிழக்கே உள்ள ஸ்கமேனியா கவுண்டியில் அமைந்துள்ளது. எனினும் எரிமலையின் வடமேற்குச் சரிவில் விழும் மழையும் உருகும் பனியும் கவ்லிட்ஸ் வழியாகவே கடலை அடைகின்றன. இதனால் இக்கவுண்டியின் நிலத்தோற்றத்தை அறிய எரிமலையையும் சேர்த்தே நோக்க வேண்டியுள்ளது.

நிலமும் ஆறுகளும்

கிழக்கில் காஸ்கேட் மலைத்தொடரின் அடிவாரக் குன்றுகளும் மேற்கில் வில்லாப்பா குன்றுகளும் உள்ளன. இரண்டுக்கும் இடையே கவ்லிட்ஸ் ஆறு வடக்கிலிருந்து தெற்காக ஓடி, லாங்வியூ அருகே கொலம்பியா ஆற்றில் கலக்கிறது. மக்களில் பெரும்பாலோர் இந்த ஆற்றங்கரைத் தாழ்நிலங்களிலேயே வாழ்கின்றனர். குன்றுகளில் டக்ளஸ் பிர் மரக்காடுகள் மிகுதி. மரத்தொழில் நெடுங்காலமாக முதன்மைத் தொழிலாக இருந்து வருகிறது. தெற்கு எல்லையில் லூயிஸ் ஆறு ஓடுகிறது. அதன் குறுக்கே 1931 இல் மெர்வின் அணையும் 1953 இல் யேல் அணையும் கட்டி முடிக்கப்பட்டன.

எரிமலையில் தொடங்கும் டூட்டில் ஆறு, காசில் ராக் என்னும் ஊருக்குச் சற்று வடக்கே கவ்லிட்ஸ் ஆற்றில் சேர்கிறது. இப்பகுதியில் உள்ள ஆழம் குறைந்த சில்வர் ஏரியும் எரிமலையால் உருவானதே. சுமார் 2,500 ஆண்டுகளுக்கு முன் டூட்டில் பள்ளத்தாக்கில் இறங்கிய சேற்றுப் பெருக்கு ஓர் ஓடையை அடைத்ததால் அது தோன்றியது. 1980 இல் நடந்தது முதல் முறையன்று என்பதற்கு இந்த ஏரி ஒரு சான்றாகும்.

1980 வெடிப்பு

1980 மே 18 காலை 8.32 மணிக்கு ஏற்பட்ட நிலநடுக்கத்தில் எரிமலையின் வடபக்கம் சரிந்தது. சுமார் 2.5 கன கிலோமீட்டர் பாறையும் மண்ணும் டூட்டில் ஆற்றின் வடகிளைப் பள்ளத்தாக்கில் 20 கிலோமீட்டருக்கும் மேல் பரவின. வெடிப்பினால் 57 பேர் இறந்தனர்.

அன்று காற்று கிழக்கு நோக்கி வீசியதால், அருகிலிருந்த கவ்லிட்ஸ் நகரங்களைவிடத் தொலைவிலிருந்த யாக்கிமா நகரில்தான் சாம்பல் மிகுதியாக விழுந்தது. (மே 25 இல் ஏற்பட்ட அடுத்த வெடிப்பின் சாம்பல் மேற்குப் பக்கமும் விழுந்தது.) கவ்லிட்ஸ் மக்களுக்கு அழிவு ஆற்றின் வழியாக வந்தது. சூடான சேறு வீடுகளையும் பாலங்களையும் மரக்கட்டைகளையும் அடித்துச் சென்றது. கவ்லிட்ஸ் ஆற்றின் படுகை மேடிட்டது. கொலம்பியா ஆற்றின் கப்பல் வழி சுமார் 12 மீட்டர் ஆழத்திலிருந்து 4 மீட்டர் அளவுக்குக் குறைந்ததால், மேற்பகுதித் துறைமுகங்களில் கப்பல்கள் சிக்கிக்கொண்டன.

வண்டல் சிக்கல்

சரிந்து கிடக்கும் மண்ணை ஆறு இன்றும் அரித்துக் கொண்டுவருகிறது. இவ்வண்டல் கவ்லிட்ஸ் ஆற்றில் படிந்தால், அதே அளவு மழைக்கும் நீர்மட்டம் மேலும் உயரும். காசில் ராக், கெல்சோ, லாங்வியூ ஆகிய நகரங்களைக் காக்கும் கரைகள் போதாமற் போகும். இதைத் தடுக்க இராணுவப் பொறியாளர் படை டூட்டில் வடகிளையில் சுமார் 56 மீட்டர் உயரமுள்ள வண்டல் தடுப்பணையை 1989 இல் கட்டி முடித்தது. இது நீரைத் தேக்குவதற்கன்று, மணலைத் தேக்குவதற்கு. பின்னால் மணல் நிறைய நிறைய அணையின் பயன் குறைகிறது. ஆகவே 2012 இல் அதன் வழிந்தோடி சுமார் 2 மீட்டர் உயர்த்தப்பட்டது. நகரங்களைக் காக்கும் இவ்வணை சால்மன் மீன்களின் வழியை அடைத்துவிட்டது. அணைக்குக் கீழே அவற்றைப் பிடித்து, வண்டியில் ஏற்றி மேலே உள்ள ஓடைகளில் விடுகின்றனர்.

எரிமலையின் அடியிலுள்ள ஸ்பிரிட் ஏரி மற்றொரு கவலையாகும். சரிவு அதன் இயற்கை வடிகாலை அடைத்துவிட்டது. தளர்ந்த மண்ணாலான அந்த அடைப்பு உடைந்தால் வெள்ளம் டூட்டில் வழியே இந்நகரங்களை அடையும். எனவே மலையைக் குடைந்து அமைத்த சுமார் 2.6 கி.மீ. நீளச் சுரங்கத்தின் வழியாக 1985 முதல் ஏரி நீர் வெளியேற்றப்படுகிறது. பாறை அழுத்தத்தால் இச்சுரங்கம் பலமுறை பழுதடைந்து சீர்செய்யப்பட்டுள்ளது.